பயிற்சி முடித்தாயிற்று, பழக்கம் மாறவில்லை

கேள்வி:

அம்மா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் திருச்சி. தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. பக்கத்திலுள்ள பைன்டவுனில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஆலை ஒன்றில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். என் பொறுப்பில் 46 பேர். போன வருடம் கம்பெனி செலவில் தலைமைத்துவப் பயிற்சி ஒன்றை முடித்தேன். எட்டு மாதம், சனிக்கிழமை வகுப்புகள். ரொம்ப ஆர்வமாகப் படித்தேன். மற்றவர் சொல்வதை எப்படிக் கேட்பது, பொறுப்பை எப்படிப் பிரித்துக் கொடுப்பது, ஆட்களை எப்படி வளர்ப்பது, எல்லாம் தெரியும். இங்குள்ள தமிழ் அமைப்பு ஒன்றில் இளைஞர்களுக்கு இதைப் பற்றிப் பேசினேன். நல்ல பாராட்டு.

அதற்கு அடுத்த வாரம் ஆலையில் ஒரு மோல்டிங் மெஷினில் ஒருவர் கை மாட்டியிருக்கும், மயிரிழையில் தப்பினார். பாதுகாப்புக் கதவின் ஸ்விட்ச் சரியாக வேலை செய்யாததால் அதைக் கம்பியால் கட்டிவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். "ஏன் யாருமே என்னிடம் சொல்லவில்லை?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். என் சூப்பர்வைசர் ஜூலு பெண்மணி, அந்த ஆலையில் 20 வருடத்துக்கு மேல் இருப்பவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "மூன்று வாரம் முன்பே நான் சொன்னேன். நேற்றைய எண்ணிக்கை என்ன என்று நீங்கள் கேட்டீர்கள். பயிற்சிக்குப் போவதற்கு முன்பும் நான் சொல்லி முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவீர்கள். இப்போதும் அப்படித்தான். இப்போது அழகான வார்த்தைகளில் சொல்கிறீர்கள், அவ்வளவுதான்."

அன்றிலிருந்து சரியாகத் தூக்கம் இல்லை. ஊருக்கு உபதேசம் செய்கிறவனாகிவிட்டேனோ என்று இருக்கிறது. தலைமைத்துவத்தில் ஒரு வருட டிப்ளமோ இருக்கிறது. பாதிக் கட்டணம் கம்பெனி தரும். இந்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்தால் சரியாகிவிடுமா?

– பைன்டவுன் வாசகர்

பதில்:

முதலில் அந்த மெஷின். உங்கள் கடிதத்தை மறுபடியும் படித்துப் பார்த்தேன். பயிற்சி இருக்கிறது, பாராட்டு இருக்கிறது, தூக்கம் போனது இருக்கிறது, டிப்ளமோ இருக்கிறது. அந்த ஸ்விட்சை மாற்றியாயிற்றா என்பது மட்டும் இல்லை. மாற்றியிருப்பீர்கள் என்றே நம்புகிறேன். மாற்றவில்லை என்றால், இதைப் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு, போனை எடுத்து மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம் மெயின்டனன்ஸ் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் மற்ற மெஷின்களின் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு மெஷினில் கம்பி கட்டியிருந்தால் பக்கத்து மெஷினிலும் கட்டியிருக்க வாய்ப்பு உண்டு.

கட்டியது யார் என்று தேடிக்கொண்டு போகாதீர்கள். கதவு சரியாக மூடாது, டார்கெட்டையும் விட முடியாது என்று ஆகும்போதுதான் ஓர் ஆபரேட்டர் கம்பியை எடுக்கிறார். பாதுகாப்பான மெஷினைக் கொடுக்கும் கடமையை 1993-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டம் நிர்வாகத்தின் மேல்தான் வைத்திருக்கிறது. 20 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் பாதுகாப்புப் பிரதிநிதி இருக்க வேண்டும், ஆலை என்றால் 50 பேருக்கு ஒருவராவது, என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் ஆலையிலும் அப்படி ஒருவர் இருப்பார். கதவுகளைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

சரி, இனி உங்கள் கேள்வி. டிப்ளமோவில் இப்போது சேர வேண்டாம். படிப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. இத்தனை வருடமாக ஆலைகளில் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழிலும். ஆனால் உங்களிடம் குறைவது அறிவு இல்லை என்று உங்கள் கடிதமே சொல்கிறது. மற்றவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாதா? தெரியும். மேடையில் அதை அழகாக எடுத்துச் சொல்லவும் தெரியும். காலை 6 மணிக்கு, இரைச்சலுக்கு நடுவில், ஆர்டர் பாக்கி இருக்கும்போது, அந்த அம்மாள் வாயைத் திறந்ததும் உங்கள் வாயும் திறந்துகொள்கிறது. இதை இன்னொரு வருட வகுப்பு எப்படி மாற்றும்? வகுப்பறையில் யாரும் உங்களை அவசரப்படுத்துவதில்லை. அங்கே நன்றாகக் கேட்பது எல்லோருக்கும் வருகிறது.

அந்த அம்மாள் சொன்னதை அவமானமாக எடுத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தப் பழக்கம் உங்களை மாற விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று அவர் துல்லியமாகச் சொல்லிவிட்டார். இவ்வளவு தெளிவான மதிப்பீட்டை ஒரு பயிற்சி நிறுவனத்தாலும் தர முடியாது. அதைத் தனியாகக் கூப்பிட்டும் சொல்லியிருக்கிறார். நீங்கள் எல்லோர் முன்னாலும் கத்திய அதே நாளில் அவர் உங்களை யார் முன்னாலும் விட்டுக்கொடுக்கவில்லை. உங்களிடம் இன்னும் நம்பிக்கை வைத்திருப்பவர்தான் அப்படிச் செய்வார்.

இப்படி மேலே இருப்பவரிடம் முகத்துக்கு நேராகச் சொல்வது இந்த ஊரில் சின்ன விஷயம் இல்லை. வெளியிலிருந்து வந்த நாம் இதைப் புரிந்துகொள்ள வேண்டும், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 1973 ஜனவரி 9 அன்று டர்பனில் கரோனேஷன் செங்கல் ஆலைத் தொழிலாளர்கள் சுமார் 2,000 பேர் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அந்தப் பொறி ஆலை ஆலையாகப் பரவியது. நீங்கள் வேலை பார்க்கும் பைன்டவுன், பக்கத்து நியூ ஜெர்மனியின் துணி ஆலைகள் எல்லாம் அதில் சேர்ந்தன. சில மாதங்களில், டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் சுமார் 1,00,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள். கறுப்பினத் தொழிலாளர்களின் சங்கங்களுக்குச் சட்ட அங்கீகாரம் இல்லாத காலம் அது. "உங்கள் சார்பில் பேச நாலு பேரை அனுப்புங்கள்" என்று நிர்வாகங்கள் கேட்டபோது பல இடங்களில் தொழிலாளர்கள் மறுத்துவிட்டார்கள். முன்னால் வருகிற ஆளைத்தான் முதலில் வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் ஆலை வாசலில் மொத்தக் கூட்டமாக நின்று, ஒரே குரலில் கேட்டார்கள்.

உங்கள் சூப்பர்வைசரின் அப்பா, அம்மா தலைமுறை அதை நேரில் பார்த்த தலைமுறை. வாயைத் திறந்தால் வேலை போகும் என்பது இங்கே பல வீடுகளில் பாடமாகவே சொல்லிக்கொடுக்கப்பட்டது. அந்த நாட்களின் ஆலைகளில் வெள்ளையர் மேலே, இந்தியர் நடுவில், கறுப்பினத்தவர் கீழே என்று ஒரு வரிசை இருந்தது. நீங்கள் திருச்சியிலிருந்து வந்தவர், அந்த வரிசையை நீங்கள் போடவில்லை. இருந்தாலும் மேலாளர் என்று ஓர் இந்திய முகம் வந்து நின்று, சொல்வதைக் கேட்காமல் எண்ணிக்கையைக் கேட்கும்போது, உங்கள் எதிரில் நிற்பவருக்கு அந்தப் பழைய வரிசை நினைவுக்கு வராமல் இருக்காது. "ஏன் யாருமே சொல்லவில்லை?" என்று நீங்கள் கேட்டீர்கள் அல்லவா? பதிலின் பெரும்பகுதி இதில் இருக்கிறது. சொல்வதற்கு அவர்கள் கொடுக்கும் விலை அதிகம். அந்த விலையைக் கொடுத்துச் சொன்ன பிறகும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், அடுத்த தடவை யார் சொல்வார்கள்?

இன்னொன்று, தமிழ் அமைப்பில் நீங்கள் பேசிய அந்தப் பேச்சு. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சட்டம் படிக்கும் மாணவர்கள் போன்றவர்களை வைத்துச் செய்த சோதனைகள். நல்ல வழக்கறிஞராக வேண்டும் என்பதற்காக இன்னதைச் செய்யப்போகிறேன் என்று எழுதி, அதை இன்னொருவர் படித்துத் தலையாட்டினால், அதன்பின் அந்த வேலைக்கு அவர்கள் கொடுத்த உழைப்பு குறைந்தது. எழுதியது யார் கண்ணிலும் படாதவர்கள் கூடுதலாக உழைத்தார்கள். நான் இப்படிப்பட்டவன் என்று மற்றவர்கள் ஏற்றுக்கொண்டதுமே, அப்படி ஆகிவிட்ட நிறைவு மனதுக்குக் கிடைத்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். உங்கள் பேச்சில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கைதட்டல் கிடைத்த அன்று நல்ல தலைவர் என்ற நிறைவு உங்களுக்கு முழுதாகக் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை ஷாப்ஃப்ளோரில், மெஷின்கள் ஓடும் இடத்தில், அதைச் சம்பாதிக்க வேண்டிய தேவை குறைந்துவிட்டது. ஆகவே கொஞ்ச காலத்துக்கு இந்த விஷயத்தைப் பற்றிப் பேசாதீர்கள். மேடையில் மட்டும் இல்லை, ஆலையிலும்தான். "இனிமேல் நான் மாறப்போகிறேன்" என்று உங்கள் ஆட்களைக் கூட்டி அறிவிப்பு எதுவும் செய்துவிடாதீர்கள். இது ரொம்ப முக்கியம். அவர்கள் இதுவரை கேட்டதெல்லாம் அறிவிப்புகள்தான்.

அப்புறம் என்ன செய்வது? ஒரே ஒரு பழக்கம், ஒரே ஒரு நேரம். அதே கோல்விட்சர் 1990-களிலிருந்து செய்துவரும் இன்னொரு வேலை இங்கே கைகொடுக்கும். "நல்லபடியாகக் கேட்பேன்" என்று பொதுவாகத் தீர்மானிப்பவர்களைவிட, "இது நடந்தால் நான் இதைச் செய்வேன்" என்று சூழ்நிலையையும் செயலையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். 2006-இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அவசரத்தில் யோசிக்க நேரம் இருக்காது. முன்கூட்டியே முடிச்சுப் போட்டிருந்தால் யோசிக்காமலே கை அந்த வேலைக்குப் போய்விடும்.

உங்களுக்கு நான் எழுதித் தருகிற முடிச்சு இது: ஷிஃப்ட் மாறும் நேரத்தில் யாராவது மெஷினைப் பற்றியோ ஆட்களைப் பற்றியோ ஒரு குறை சொன்னால், எண்ணிக்கையைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்பதற்கு முன்னால், "வாங்க, அதைக் காட்டுங்க" என்று சொல்லி அவரோடு நடந்து அந்த இடத்துக்குப் போவேன்.

இதில் எல்லாமே உடம்பால் செய்கிற வேலை என்பதைக் கவனியுங்கள். கேட்கிற மாதிரி நின்றுகொண்டு மனதுக்குள் பதிலைத் தயார் செய்வது எளிது. அவரோடு கூட நடந்துகொண்டே, அவர் விரல் காட்டும் இடத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் செய்வது கஷ்டம். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆலையில் இருக்கிற 46 பேரும் அதைப் பார்ப்பார்கள். நீங்கள் ஒன்றும் விளக்க வேண்டியதே இல்லை.

டர்பனில் மொபெனி பக்கம் ஒரு பேக்கேஜிங் ஆலையில் நான் கவனித்த மேலாளர் ஒருவரைச் சொல்கிறேன். எந்தப் பயிற்சிக்கும் போனவர் இல்லை, கூட்டத்தில் பேசச் சொன்னால் நாலு வாக்கியத்தில் முடித்துக்கொள்வார். கன்வேயர் பெல்ட் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று ஓர் ஆபரேட்டர் வந்து சொன்னார். இவர் அவர் பின்னாலேயே போய், பெல்ட்டுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஃபிரேம் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். "எப்போதிலிருந்து?" என்று மட்டும் கேட்டார். "வெள்ளிக்கிழமையிலிருந்து." ஓவரால் பையிலிருந்து அட்டை போட்ட சின்ன நோட்டை எடுத்து எழுதி, எழுதியதை அந்த ஆபரேட்டர் பக்கம் திருப்பிக் காட்டினார். இது சரிதானா என்று கேட்கிற மாதிரி. மறுநாள் காலை ஆபரேட்டர் இவரைத் தேடி வரவில்லை, இவர்தான் முதலில் அவரிடம் போனார். "பேரிங் வியாழக்கிழமைதான் வருகிறது. அதுவரை வேகத்தைக் குறைத்து ஓட்டுங்க. எண்ணிக்கை குறைந்தால் மேலே நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். அந்தக் காலையிலேயே இன்னொரு லைனிலிருந்து ஒருவர், தானாகவே வந்து, கசியும் ஏர் பைப்பைப் பற்றிச் சொன்னார்.

இதில் மூன்று விஷயம் நடந்திருக்கிறது. போய்ப் பார்த்தார். எழுதியதை எதிராளிக்குக் காட்டினார். என்ன ஆயிற்று என்று அவர் கேட்பதற்கு முன் இவரே போய்ச் சொன்னார். கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலான மேலாளர்கள் விட்டுவிடுகிறார்கள். வேலை முடியவில்லை என்றால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, முடிந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். ஆபரேட்டருக்கு அந்த மௌனம் பழைய மௌனமாகவே கேட்கிறது. "பார்ட் இன்னும் வரவில்லை, புதன்கிழமை மறுபடி கேட்கிறேன்" என்று சொன்னால் போதும். உங்கள் விஷயத்தில், அந்த மூன்று வாரத்தில் ஒரு நாள் போய், "ஸ்விட்ச் இன்னும் வரவில்லை, அதுவரை அந்த மெஷின் வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் அந்தக் கை ஆபத்தில் மாட்டியிருக்காது.

நடைமுறையில் ஒரு சிக்கல் வரும். காலை 6 மணிக்கு இரவு ஷிஃப்ட் ஆட்கள் டாக்ஸி (பலர் சேர்ந்து போகும் வேன்) பிடிக்கிற அவசரத்தில் இருப்பார்கள். நீங்கள் அக்கறையோடு கேட்கப் போய், அவர்கள் டாக்ஸியைத் தவறவிட்டு டாக்ஸி நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்றால், அடுத்த நாள் ஒருவரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆகவே நீங்கள் 20 நிமிடம் முன்னதாகப் போங்கள். அவர்கள் மெஷினில் இருக்கும்போதே ஒரு சுற்று நடந்துவிடுங்கள். அவர்கள் வீட்டுக்குப் போகும் நேரத்தை எடுக்காமல் உங்கள் தூக்கத்தில் கொஞ்சம் எடுங்கள்.

மொழி விஷயம் ஒன்று உண்டு. உங்கள் காலைக் கூட்டம் எந்த மொழியில் நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆங்கிலமாகத்தான் இருக்கும். நீங்களும் நானும் ஆங்கிலத்தில் யோசித்து யோசித்துப் பேசிய நாட்களை மறந்திருக்க மாட்டோம். ஒரு நுணுக்கமான விஷயத்தை, அதுவும் மேலாளருக்குப் பிடிக்காத விஷயத்தை, பழக்கமில்லாத மொழியில் சொல்வதைவிட சும்மா இருந்துவிடலாம் என்று தோன்றும். அந்தக் கூட்டத்தை உங்கள் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடுங்கள். ஜூலு மொழியில் அவரே நடத்தட்டும். நீங்கள் ஓர் ஓரமாக நில்லுங்கள். முடிந்த பிறகு என்ன பேசினார்கள் என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் சில நாட்கள் உங்களுக்கு ரொம்ப அசௌகரியமாக இருக்கும், கை நடுங்கும், நடுவில் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று இருக்கும். பொறுப்பைப் பிரித்துக் கொடுப்பது பற்றி வகுப்பில் படித்ததெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் நடக்கும். கூட்டம் நடத்துவதற்கான கூடுதல் பொறுப்பு அவருடைய வேலை விவரத்திலும் சம்பளத்திலும் ஏற வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். மரியாதையை வாயால் மட்டும் கொடுத்து வேலையை மட்டும் கூட்டினால் அதுவும் அவர் கண்ணில் படும்.

இனி ஓர் எச்சரிக்கை. நீங்கள் உண்மையிலேயே கேட்கத் தொடங்கினால் குறைகள் கூடும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஹார்வர்டு ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்படுகிற குழுக்களில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தன. விசாரித்தபோது, அந்தக் குழுக்களில் தவறைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்று தெரிந்தது. மற்ற இடங்களில் மறைத்தார்கள். உங்கள் ஆலையிலும் இதுதான் நடக்கும். முதல் மாதத்தில் மெயின்டனன்ஸ் ஜாப் கார்டுகள் குவியும். நூலிழையில் தப்பிய சம்பவங்கள் என்று எழுதிவைக்கும் பட்டியல் நீளும். இதை எதிர்பார்க்காத மேலாளர் பயந்துபோய், "எல்லாத்துக்கும் குறை சொல்றாங்க" என்று பழையபடி ஆகிவிடுவார். நிறைய பேர் இந்த இடத்தில்தான் திரும்பிப் போகிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். எண்ணிக்கை ஏறுவதற்கு முன்னாலேயே உங்கள் எம்.டி.யிடம் போய்ச் சொல்லிவையுங்கள்: அடுத்த இரண்டு மாதம் இந்தப் பட்டியல் நீளும், அது ஆலை கெட்டுப்போவதால் இல்லை, இதுவரை தெரியாதது தெரிய வருவதால் என்று.

எம்.டி.க்கு அது பிடிபடவில்லை என்றால் அவருக்குப் பழக்கமான இடத்திலிருந்து தொடங்குங்கள். இந்நாட்டு நிறுவன நிர்வாகிகள் எல்லோருக்கும் கிங் அறிக்கை தெரியும். நிறுவனங்களை எப்படி நெறியோடு நிர்வகிப்பது என்று சொல்லும் அறிக்கை, ஓய்வுபெற்ற நீதிபதி மெர்வின் கிங் தலைமையில் 1994-இல் முதலில் வந்தது. அதன் நான்காவது பதிப்பு 2016-இல் வந்தது. "நெறியைப் பின்பற்று, இல்லையேல் ஏன் இல்லை என்று விளக்கு" என்றிருந்த முறை அதில் மாறியது. பின்பற்றுவதாகச் சொன்னால் மட்டும் போதாது, எப்படிப் பின்பற்றுகிறாய் என்றும் விளக்க வேண்டும் என்று ஆனது. இயக்குநர் குழுவுக்கு உள்ள அதே கேள்விதான் உங்கள் ஷாப்ஃப்ளோருக்கும்.

தமிழ் அமைப்பில் இளைஞர்களிடம் பேசினீர்கள் என்று எழுதியிருந்ததால் இதையும் சொல்கிறேன். இந்நாட்டுத் தமிழர்களின் மேடைகளில் தலைமை என்றதும் காந்தியும் தில்லையாடி வள்ளியம்மையும் வருவார்கள். வரட்டும். தம்பி நாயுடுவைப் பற்றியும் தேடிப் படியுங்கள். மொரிஷியஸில் பிறந்தவர், ஜோகன்னஸ்பர்க்கில் சின்ன வியாபாரி. அந்த ஊர் இருந்த திரான்ஸ்வால் பகுதியில் காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் திரும்பத் திரும்பச் சிறை போனவர். காந்தி அவரைப் பற்றி எழுதும்போது, அவருக்குப் பள்ளிப் படிப்பு என்று அநேகமாக ஒன்றும் இல்லை, அனுபவமே ஆசிரியர் என்கிறார். கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிற அதே மனிதர், தெருவில் எல்லோரும் பார்க்கச் சுமை தூக்கிப் போகவும் கூச்சப்பட்டதில்லை என்றும் எழுதியிருக்கிறார். அதோடு நிற்கவில்லை. அவசர புத்தியும் கோபமும் மட்டும் இல்லாதிருந்தால் அவர் திரான்ஸ்வால் இந்தியர்களின் தலைமையையே ஏற்றிருக்க முடியும் என்கிறார்.

எனக்கு இந்தக் கடைசி வரிதான் முக்கியமாகப் படுகிறது. அவ்வளவு தியாகம், அவ்வளவு உழைப்பு, இருந்தும் ஒரு பழக்கம் குறுக்கே நின்றது. உங்களிடம் நல்ல எண்ணம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, படிப்பு வேறு. குறுக்கே நிற்பது ஒன்றுதான், அது எது என்றும் தெரிந்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் புதிதாகப் பத்துத் திறமைகளைச் சேர்த்துக்கொண்டே போவதில் என்ன பயன்?

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சின்ன அன்றாடப் பழக்கம் தானாக வரும் அளவுக்குப் படிய நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் என்று கணக்கிட்டார்கள். அவர்கள் பழகியது சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது போன்ற எளிய காரியங்கள். உங்களுடையது அதைவிடக் கடினம். ஒரு நாள் தவறினால் எல்லாம் போய்விடாது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே மூன்று மாதத்துக்கு இந்த ஒன்று மட்டும். இடையில் ஒரு நாள் பழையபடி குறுக்கே விழுந்துவிட்டால், அன்றைக்கே அவரிடம் போய், "நீங்க சொல்லி முடிக்கல, மறுபடி சொல்லுங்க" என்று கேளுங்கள். மன்னிப்புப் பிரசங்கம் வேண்டாம்.

நடக்கிறதா இல்லையா என்பதை யார் சொல்வது? நீங்கள் இல்லை. அந்த அம்மாள்தான். ஆனால் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அவர் வேலை உங்கள் கையில் இருக்கிறது. "நான் எப்படி இருக்கேன்?" என்று கேட்டால் "நல்லா இருக்கீங்க" என்றுதான் சொல்வார். வாரம் ஒரு முறை, யாரும் இல்லாத நேரத்தில், "இந்த வாரம் எங்கே நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் பேசிட்டேன்?" என்று கேளுங்கள். முதல் சில வாரம் "ஒன்றுமில்லை" என்பார். நம்பிவிடாதீர்கள், வற்புறுத்தவும் செய்யாதீர்கள். அடுத்த வாரமும் கேளுங்கள். ஒரு நாள் ஏதாவது ஒன்றைச் சொல்வார். அன்றைக்கு உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்ததைச் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார். விளக்கம் எதுவும் சொல்லாமல் "சரி, நன்றி" என்று மட்டும் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி. எல்லோர் முன்னாலும் கத்தினீர்கள். அதைத் தனியாகச் சரிசெய்ய முடியாது. நாளைக் காலையிலேயே, அதே ஆட்கள் முன்னால், "ஸ்விட்ச் பற்றி மூன்று வாரம் முன்னாலேயே என்னிடம் சொன்னாங்க. நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையது" என்று மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கை தப்பிய அந்த ஆபரேட்டரிடம் தனியாகவும் போங்கள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள். கடிதத்தில் அவரைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை.

டிப்ளமோ எங்கும் போய்விடாது. மூன்று மாதம் கழித்து, "ஆட்கள் இப்போது சொல்கிறார்கள், ஆனால் மெயின்டனன்ஸ் பட்ஜெட்டுக்காக மேலிடத்தில் எப்படி வாதாடுவது என்று எனக்குத் தெரியவில்லை" என்பது மாதிரி ஒரு திட்டமான குறை தெரிந்தால், அதைக் கற்றுத் தருகிற படிப்பைத் தேடிச் சேருங்கள். கம்பெனி தருவதாகச் சொன்ன பணத்தில் ஒரு பகுதியை இப்போதே கேட்டுப் பாருங்கள், உங்கள் சூப்பர்வைசரை ஒரு பயிற்சிக்கு அனுப்ப. 20 வருடத்துக்கு மேல் ஆலையைத் தெரிந்து வைத்திருப்பவர் அவர்.

தமிழ் அமைப்பில் மறுபடி பேசக் கூப்பிட்டால் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த வருடம் கூப்பிட்டால், உங்கள் சூப்பர்வைசரிடம் முதலில் கேளுங்கள், அவர் உங்களிடம் சொன்னதை வெளியில் சொல்லலாமா என்று. சரி என்றால் அதைச் சொல்லிப் பேசுங்கள். வேண்டாம் என்றால் வேறு விஷயம் பேசுங்கள்.